ஒன்பது மூட்டைச் செருப்பு

போன வியாழக்கிழமை பின்னேரம் மகளின் சைக்கிளில் காற்று நிற்கவில்லை என்று சந்தியிலுள்ள கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரர் டியூப்பைத் தண்ணீர்ச் சட்டியில் அமிழ்த்தி ஓட்டையைக் கண்டுபிடித்தார். அதன்மேல் ரப்பர்த் துண்டொன்றை வைத்துச் சூடான இரும்பால் அழுத்தினார். ரப்பர் கருகும் வாசம் எழும்பியது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ரோட்டுக்குப் போய்விட்டாள். நான் இன்னும் கொஞ்சம் கிட்டப் போய் நின்றேன்.

"உம்மா, அங்க என்னத்த மோந்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்று கேட்டாள். உன்னைத்தான் என்று சொல்லவா முடியும்? வெயிலாக இருக்கிறது, நிழலுக்கு நிற்கிறேன் என்று சமாளித்தேன்.

நீ மௌத்தாகி, மண்ணுக்குள் போய்ப் பத்து மாதமாகிறது. உன்னிடம் சொல்ல வேண்டியது அதற்கும் முன்னால், பதினெட்டு வருஷமாக என்னிடம் கிடக்கிறது. நேரில் சொல்ல வேண்டியதைக் கடிதத்தில் எழுதுகிறவளை நீ என்ன சொல்லித் திட்டுவாய் என்றும் தெரியும். "வாய் இரிக்கிறது சோறு திங்க மட்டுமாடி?" என்பாய். பள்ளிக்கூடத்தில் வாரத்துக்கு இரண்டு தடவையாவது அதை நான் உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

உயர்தர வகுப்பில் படிக்கும்போது நாம் இருவரும் சமூக சேவைக் கழகத்தில் இருந்தோம். நான் செயலாளர், நீ உதவிச் செயலாளர். வேலை முழுக்க உன்னுடையது, கையெழுத்து முழுக்க என்னுடையது. டெங்குச் சிரமதானம் என்றால் நான் கொப்பியில் கோடு போட்டுத் தலைப்பு எழுதி முடிப்பதற்குள் நீ நாலு வீட்டுப் பூச்சட்டிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்திருப்பாய். கண் பரிசோதனை நாளில் கிழவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துக் கதை கேட்டது நீ. அவர்கள் பெயரை அழகான எழுத்தில் பதிந்தது நான். அதற்காக எனக்கு வெட்கம் எதுவும் இருக்கவில்லை. அந்த வருஷம் மாவட்டத்தில் சமூக சேவைக்கான மாணவர் பதக்கம் எனக்குக் கிடைக்க வேண்டும் என்று ஒரே நினைப்பாக இருந்தேன். பதக்கத்துக்கு அறிக்கை வேண்டும், அறிக்கைக்குப் படம் வேண்டும். படத்துக்குத்தான் சேவை.

செப்டெம்பரில் கடற்கரைத் துப்புரவு நாள் வந்தது. நினைவிருக்கிறதா, பஸ்ஸில் முழு வழியும் நீ பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாய், நான் உரப்பைகளை எண்ணிக்கொண்டு வந்தேன். நம் ஊரிலிருந்து கடல் தூரமில்லை. ஆனால் அது நமக்குத் தெரியாத பக்கம். நாம் கத்தரியும் மிளகாயும் வெங்காயமும் போடுகிற ஊர்ப் பிள்ளைகள். மீன் என்றால் காலையில் சைக்கிள் பெட்டியில் வாசலுக்கு வருகிற சாமான், அவ்வளவுதான். அது எப்படிப் பிடிபடுகிறது, அதற்கு என்னென்ன வேண்டும் என்று நம்மில் ஒருவருக்கும் தெரியாது. அப்படிப்பட்டவர்கள் அறுபது பேர் போய் வேதக்காரர்களின் கரையைத் துப்புரவாக்கப் புறப்பட்டோம்.

நீ சிலுவைக் கோயில் பக்கம் இருந்த முனைக்குச் சின்னப் பிள்ளைகளோடு தண்ணீர்க் கலனைத் தூக்கிக்கொண்டு போனாய். நான் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேருடன் மற்ற முனைக்குப் போனேன். பொலித்தீனும் போத்தலும் பொறுக்கிப் பொறுக்கி இரண்டு பைகூட நிறையவில்லை. மற்றப் பள்ளிக்கூடத்துக்காரர்களின் பைகள் ரோட்டோரத்தில் வரிசையாக நிற்பது தெரிந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

அப்போதுதான் அதைக் கண்டேன். பூட்டியிருந்த ஒரு தென்னோலைக் கிடுகு வீட்டுக்குப் பின்னால், தென்னையடியில், இடுப்பளவு செருப்புக் குவியல். எல்லாம் ரப்பர்ச் செருப்பு, எல்லாம் ஒற்றை. சோளகக் காற்றடிக்கும் மாதங்களில் கடல் எங்கெங்கிருந்தோ கொண்டுவந்து கரையில் தள்ளியவை.

உனக்கு இதுவரை சொல்லாததை இப்போது சொல்கிறேன். அது குப்பை இல்லை என்று எனக்குப் பார்த்த உடனே தெரிந்தது. தடித்த செருப்பு ஒரு பக்கம், மெல்லியது ஒரு பக்கம் என்று பிரித்திருந்தது. வார்களையெல்லாம் கழற்றியிருந்தது. காற்றுக்குப் பறக்காமல் மேலே பழைய வலைத் துண்டொன்றை விரித்து நாலு மூலைக்கும் நாலு கல் வைத்திருந்தது. குப்பைக்கு யாராவது கல் வைப்பார்களா?

"ராத்தா, இது யார்டயும் சாமானோ தெரியாதே" என்றாள் ஒரு சின்னவள்.

"ஒத்தச் செருப்பு யாருக்குடி வேணும்? கட்டு" என்றேன். அந்த நாலு கல்லையும் என் கையால்தான் தூக்கி அப்பால் வைத்தேன்.

ஒன்பது உரப்பை நிறைந்தது. பிரதேச சபை டிராக்டர் வந்து ஏற்றிக்கொண்டு போய்க் குப்பை மேட்டில் கொட்டியது. அங்கே அன்று பின்னேரமே தீ வைத்துவிட்டார்கள் என்று பிறகு அறிந்தோம். மூட்டைகளோடு எடுத்த படத்தில் நான் கையுறை போட்டுக்கொண்டு நடுவில் நிற்கிறேன். நீ ஓரத்தில் வெறும் தண்ணீர்க் கலனோடு, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாய். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். அந்தப் படத்துக்கு அதைத்தான் தலைப்பாகப் போட்டிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் அதிபரின் அறைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. கழகத்தின் பொறுப்பிலிருந்த நாலு பேரும் போனோம். அங்கே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். கோயிலுக்கு உடுக்கிற பூப்போட்ட சாரி, கையில் துணிப்பை. நாற்பத்தைந்து வயதிருக்கும். திரேசாக்காவை நாம் முதன்முதலில் கண்டது அப்படித்தான். மற்றக் கையில் ரப்பரில் வட்டமாக வெட்டிய, நடுவில் ஓட்டையுள்ள ஒரு வட்டு வைத்திருந்தார்.

"உங்கட பிள்ளைகள் வந்து கரையைக் கூட்டினதுக்கு நன்றி சேர்" என்றுதான் அவர் கதையைத் தொடங்கினார். "நான் அண்டைக்குச் சிலாபத்துக்குப் போயிருந்தன், இவரை ஆசுப்பத்திரியில காட்ட. வந்து பாத்தா என்ட செருப்புகளைக் காணல்ல. அது எங்க கொண்டுபோய் வெச்சிருக்கு எண்டு சொன்னீங்க எண்டா நான் போய் எடுத்துக்கொள்ளுவன்."

பொருளாளராக இருந்த பையன் களுக்கென்று சிரித்தான். செருப்பைத் தேடி ஒருவர் பஸ் ஏறி வந்திருக்கிறார் என்று அவனுக்குச் சிரிப்பு. திரேசாக்கா கோபப்படவில்லை. கையிலிருந்த வட்டை அதிபரின் மேசையில் வைத்து விளக்கினார். அந்தச் செருப்புகளை இப்படி வெட்டிக் கயிற்றில் கோர்த்தால் அதுதான் வலைக்கு மிதப்பு. வலை தாழாமல் நிற்பது அதனால்தான். புருஷன் இடுப்பில் அடிபட்டுக் கடலுக்குப் போவதில்லை. கொழுந்தனின் வள்ளத்தில் தங்கள் வலை போனால்தான் வீட்டுக்கு மீனில் ஒரு பங்கு வரும். இன்னும் சில கிழமையில் கடல் அடங்கி வள்ளங்கள் இறங்கிவிடும். கடையில் விற்கிற மிதப்பை வாங்க அவரால் ஏலாது. அதனால் சோளகம் முழுக்கக் கரையில் நடந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்தது.

அதிபர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார். "யாரு ஏத்தச் சொன்ன?"

நான் மேசையிலிருந்த வட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். தலைவரும் பொருளாளரும் அன்றைக்கு டிராக்டரோடு ரோட்டில் நின்றவர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள், நான் அவர்களுக்கு மாணவத் தலைவிகளில் ஒருத்தி. எனக்கு மட்டும்தான் தெரியும். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. திரேசாக்கா இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறி நின்றார். நீ என் முகத்தைப் பார்த்தாய். கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு அதிபரின் பக்கம் திரும்பினாய்.

"நான்தான் சேர்."

அதோடு நிற்கவில்லை. மூலையில் கிடந்த கதிரையை இழுத்துக்கொண்டு வந்து அவருக்குப் பக்கத்தில் போட்டாய். "இரிங்க அக்கா. செருப்பெல்லாம் எரிஞ்சு போயிரிக்கும். நாங்க வேற சேத்துத் தாரம்" என்றாய்.

அதிபர் அன்றே உன்னைக் கழகத்திலிருந்து நிறுத்தினார். மாணவத் தலைவிச் சின்னத்தைக் கழற்றி வைக்கச் சொன்னார். நீயே கழற்றி மேசையில் வைத்தாய். உன் வெள்ளைச் சீருடையில் ஊசி குத்தியிருந்த இடத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள் மிஞ்சின. பக்கத்துக் கதிரையிலிருந்து அந்த வருஷம் முடியும்வரை அவற்றைப் பார்த்துக்கொண்டு படித்தவள் நான்.

வேப்பமரத்தடியில் உன்னைப் பிடித்து ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். நீ எனக்காகச் சொன்னாய் என்று நினைத்து உருகிப் போயிருந்தேன்.

"அந்த மனுசி நிண்டுக்கிட்டே இரிந்தா" என்றாய். "நீ சொல்ற மாதிரித் தெரியல்ல. யாராவது ஒராள் சொன்னாத்தானே அந்தக் கத முடியும், அவ கதிரையில இரிப்பா."

"நான் போய்ச் சொல்லிடுறன்."

"சொல்லு" என்றாய். அவ்வளவுதான். கெஞ்சவும் இல்லை, தடுக்கவும் இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். வாப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார் என்று ஒரு சாட்டும் வைத்திருந்தேன். உண்மையில் எனக்குப் பயம் வாப்பாவைப் பற்றி இல்லை, பதக்கத்தைப் பற்றி.

மறுநாள் நீ கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. "ஒத்தச் செருப்பு எங்கடி நெறையக் கிடக்கும்?"

"கடல்ல" என்றேன்.

"மடச்சி. பள்ளிவாசல்ல."

உன் மூளைக்கு நான் ஒருநாளும் ஈடில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து கூட்டம் கலையும்போது யாரோ ஒருவர் மாறிப் போட்டுக்கொண்டு போவார், யாரோ ஒருவர் ஒன்றைத் தொலைத்துவிட்டு மற்றதை எறிந்துவிட்டுப் போவார். மிஞ்சியதையெல்லாம் பாங்கு சொல்லும் மோதினார், தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்யும் இடத்துக்குப் பின்னால் வருஷக் கணக்காகக் குவித்து வைத்திருந்தார். நாம் போய்க் கேட்டோம். எதற்கு என்று விசாரித்தார். நீ ஒன்றும் மறைக்காமல் சொன்னாய், நாங்கள் ஒரு வேதக்காரப் பெண்ணின் சாமானைக் குப்பை என்று எரித்துவிட்டோம் என்று.

மோதினார் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "உபகாரம் செய்யாட்டியும் உபத்திரவம் செய்யாம இரிக்கணும் புள்ள" என்றார். பிறகு, "எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போங்க. மீன் வந்தா எல்லாச் சட்டிக்கும்தானே வரும்" என்றார்.

அது போதவில்லை என்று நீ கீழ் வகுப்புகளுக்கெல்லாம் போய், பழைய செருப்பிருந்தால் கொண்டுவரச் சொன்னாய். ஆறாம் வகுப்பில் இரட்டைப் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்களே, அவர்கள் அதைக் கொஞ்சம் கூடுதலாகவே மனதில் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை குத்பாப் பிரசங்கம் நடக்கும்போது பள்ளிவாசல் படிக்கட்டிலிருந்து ஒரு மூட்டை கட்டிவிட்டார்கள். தொழுகை முடிந்து வந்தவர்களில் பாதிப் பேர் உச்சி வெயிலில் சுடுமணலில் துள்ளித் துள்ளி வீட்டுக்குப் போனார்கள். அதில் என் வாப்பாவும் ஒருவர். முற்றத்தில் காலைத் தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்துக்கொண்டு, "இது யார்ட வேல?" என்று அவர் கேட்டபோது நான் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. நீ மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வந்தாய், யாருடைய செருப்பு எது என்று பார்த்துக் கொடுக்க. வாப்பாவிடம் விஷயம் முழுவதையும் நீதான் சொன்னாய். என்னுடைய பங்கை மட்டும் விட்டுவிட்டு. வாப்பா சிரித்த சிரிப்பில் உம்மா குசினியிலிருந்து ஓடி வந்தார். அடுத்த நாள் வாப்பா தன்னுடைய கறுப்புச் செருப்புச் சோடியை வாசலில் வைத்து, "இது சும்மாதானே கிடக்குது" என்றார். என் சாட்டும் அதோடு போயிற்று.

ஆறு சனிக்கிழமைகள் நாம் திரேசாக்கா வீட்டுக்குப் போனோம். கழகத்தின் பெயரில் இல்லை, கொப்பியில் பதியவில்லை, யாரும் படம் எடுக்கவில்லை. முதல் நாள் போனதும் போகாததுமாக நீ கேள்விகளால் அவரைத் துளைத்தாய். வலைக்கு எத்தனை முழம், எந்தச் செருப்பு நல்லது, செருப்பெல்லாம் எங்க குவிச்சு வெச்சிருந்தீங்க, எதால வெட்டுற, பிள்ளைகள் எத்தனை பேர். நான் தலையைக் குனிந்துகொண்டு செருப்பு வார்களைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

வாய் கூராக்கிய இரும்புக் குழாயைச் செருப்பின்மேல் வைத்துத் தட்டினால் வட்டு கழன்று விழும். பிறகு அடுப்பில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் நடுவில் ஓட்டை. அந்தப் புகை தலைமுடியிலும் உடுப்பிலும் ஏறி ஞாயிறு முழுக்க மணக்கும். ஓட்டை போடும் வேலையை நீ பிடிவாதமாகக் கேட்டு வாங்கிக்கொண்டாய். உன் ஓட்டை ஒன்றுகூட நடுவில் வராது. "இவட வட்டெல்லாம் கடல்ல சரிஞ்சுதான் மிதக்கும்" என்று திரேசாக்கா சிரிப்பார். நமக்கென்று இரண்டு புதுக் கோப்பை வாங்கித் தனியாக வைத்திருந்தார். அதில் வெறுந்தேத்தண்ணியும் பனங்கட்டித் துண்டும் தருவார். யார் எடுத்தது, ஏன் எடுத்தது என்று ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லை. எனக்கு அது ஆறுதலாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

வலை இரண்டு கிழமை, பதினாலு நாள், பிந்தித்தான் கடலில் இறங்கியது. அந்த இரண்டு கிழமை அந்த வீட்டில் எப்படி அடுப்பெரிந்தது என்று நான் கேட்கவில்லை, நீ கேட்டிருப்பாய். வலை இறங்கிய அன்று நாமும் கரையில் நின்றோம். நீலம், சிவப்பு, பச்சை என்று மிதப்புகள் தண்ணீரில் வரிசையாக நீண்டு போயின. நடுநடுவே வாப்பாவின் கறுப்பும் இருந்தது. அடுத்த கிழமை பஸ் கொண்டக்டரிடம் ஒரு பை சாளை மீன் கொடுத்தனுப்பியிருந்தார். மோதினார் வீட்டுக்கும் ஒரு பங்கு கொடுத்தாய்.

வருஷ முடிவில் பதக்கம் எனக்கு வந்தது. "ஒன்பது மூட்டைப் பழைய செருப்புகள் கரையிலிருந்து அகற்றப்பட்டன" என்று என் அழகான எழுத்தில் எழுதிய அறிக்கைக்கு. நான் மேடைக்கு ஏறும்போது முன் வரிசையில் எல்லோரையும் விட உரக்கக் கை தட்டியது நீ. கேலியாகத் தட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மனதாரத் தட்டினாய்.

பிறகு வாழ்க்கை நம்மை ஆளுக்கொரு பக்கம் கொண்டுபோனது. நான் ஆசிரியையானேன். நீ புத்தளத்தில் மருந்துக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தாய். எழுத்துத் தெரியாத கிழவிகளின் மருந்துப் பைகளில் காலைக்குச் சூரியனும் ராவைக்குப் பிறையும் வரைந்து கொடுப்பாய். கண்டபோதெல்லாம் பிள்ளைகளைப் பற்றிக் கதைத்தோம், விலைவாசியைப் பற்றிக் கதைத்தோம். அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி நீ ஒருநாளும் பேச்செடுக்கவில்லை. கடைசியாக ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்த அன்று மட்டும், கையை என் கைக்குள் வைத்துக்கொண்டு, "கடக்கரப் பக்கம் போனியா?" என்று கேட்டாய். நேரமில்லை என்றேன்.

"போய்ப் பாருடி" என்றாய்.

உன் ஜனாஸாவைத் தூக்கியபோது பெண்கள் நாங்கள் வாசலோடு நின்றுவிட்டோம். வாசல் நிறையச் செருப்பு. ஆண்கள் அவரவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு உன்னைத் தூக்கிப் போனார்கள். எல்லோரும் போன பிறகு யாருடையதோ ஒன்று ஒற்றையாகக் கிடந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்தேன். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

இப்போது எங்கள் பாடசாலையின் சமூக சேவைக் கழகத்துக்கு நான்தான் பொறுப்பாசிரியை. சிரிக்காதே. இந்த மாதம் கடற்கரைத் துப்புரவுக்குச் சுற்றறிக்கை வந்தது. கரையின் பெயரைப் பார்த்ததும் கடதாசியை மடித்து மேசை லாச்சியில் போட்டுவிட்டேன். ஒரு கிழமை லாச்சியைத் திறக்கவில்லை. அப்படியிருக்கும்போதுதான் வியாழக்கிழமை அந்த வாசம் வந்தது. சனிக்கிழமை காலை, வீட்டில் ஒருவரிடமும் சொல்லாமல், பஸ் ஏறினேன்.

கிடுகு வீடு இப்போது கல் வீடு. தென்னை அப்படியே நிற்கிறது. திரேசாக்கா வாசலில் குந்தியிருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. புருஷன் இல்லை, மகன் சொந்த வள்ளம் வைத்திருக்கிறான். கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார்.

"நீ அந்த ரெண்டு பேரில ஒருத்தியெல்லோ? மத்தவ எங்க?"

சொன்னேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். வாசலில் நின்றபடியே நான் தொடங்கினேன், இனியும் விட்டால் வராது என்று.

"அக்கா, அண்டைக்கு உங்கட செருப்ப ஏத்தச் சொன்னது அவ இல்ல. நான். அது யாரோ சேத்து வெச்சது எண்டு தெரிஞ்சுதான் ஏத்தின."

"தெரியும் பிள்ள."

"அவ சொன்னாளா?"

"அவ எங்க சொன்னா. முதல் நாள் வந்த உடன என்னட்டக் கேட்டா, செருப்பெல்லாம் எங்க குவிச்சு வெச்சிருந்தீங்க எண்டு. எடுத்தவளுக்கு இடம் தெரியாமப் போகுமா? நீதான் அந்தத் தென்னையடிப் பக்கம் தலையைத் திருப்பவே இல்ல."

இப்போதுதான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் தொடர்ந்தார்.

"பிறகு ஒரு நாள் நீ தண்ணி அள்ளப் போனாப்பிறகு அவளிட்ட நேராக் கேட்டன். சிரிச்சா. 'அவகிட்டக் கேக்காதீங்க அக்கா. அவ வருவா, வந்து அவட வாயாலயே சொல்லுவா' எண்டா. நான் அடுத்த கிழமை சொல்லுவாய் எண்டு நினைச்சன்."

அடுத்த கிழமை என்று நினைத்தாராம். அவர் அதைக் குத்திக் காட்டவில்லை, நடந்ததைச் சொன்னார். நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் "போய்ப் பாருடி" என்றது எதற்கென்று அந்த வாசலில்தான் எனக்கு விளங்கியது. நான் வருவேன் என்று ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, என்னை ஒரு தடவைகூட அவசரப்படுத்தாமல், கடைசியில் கையை மட்டும் பிடித்துக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாய். உன் மீது எனக்குக் கோபம் வந்தது, சொல்கிறேன். ஒரு அறை அறைந்து அனுப்பியிருந்தால் அன்றைக்கே வந்திருப்பேன்.

"என்ன நிண்டுகொண்டிருக்கிறாய்" என்று திரேசாக்கா பக்கத்திலிருந்த கதிரையை என் பக்கம் தள்ளினார். "இரு பிள்ள."

இருந்தேன். இருந்து, அந்தக் கிழவியின் முன்னால் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அவர் எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை கழகத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டேன். துப்புரவுக்கு முந்தின நாள் எல்லோரும் கரைக்குப் போகிறோம், சாக்கும் வேண்டாம், கையுறையும் வேண்டாம் என்றேன்.

"சாக்கில்லாமப் போய் என்ன டீச்சர் செய்ற?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கேக்கிற. வீடு வீடாப் போய், எத எடுக்கக் கூடாது எண்டு கேக்கிற" என்றேன். ஏன் என்று கேட்டார்கள். உன் பெயரைச் சொல்லி, என் பெயரையும் சொல்லி, நடந்ததைச் சொன்னேன். சாக்கைப் பற்றிக் கேட்டவள் சிரிக்கவில்லை. வீடுகளுக்குப் போகிறவர்களின் பட்டியலில் முதல் பெயராகத் தன்னுடையதை எழுதினாள். வீட்டுச் சுவரிலிருந்த, அந்தப் பதக்கத்தோடு தந்த சான்றிதழைக் கழற்றிவிட்டேன். சுவரில் அந்த இடம் மட்டும் வெளிறிக் கிடக்கிறது. இருக்கட்டும்.

அந்தச் சனிக்கிழமை நான் புறப்படும்போது திரேசாக்கா உள்ளே போய் எதையோ தேடிக் கொண்டுவந்து கையில் வைத்தார். பழைய வலையிலிருந்து கழற்றிய நீல வட்டொன்று. உப்பில் ஓரமெல்லாம் தேய்ந்திருந்தது. "வலை போயிட்டுது, இது மிஞ்சினது. ஆருட வேலை எண்டு பாத்த உடன தெரியுதெல்லோ" என்றார். தெரிந்தது. ஓட்டை நடுவில் இல்லை.

அதை என் சாவிக்கொத்தில் கோர்த்திருக்கிறேன். சாவியெல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்துதான் தொங்குகிறது. நேற்று மகள் அதை விரலில் சுழற்றிக்கொண்டு, "உம்மா, இது என்ன?" என்று கேட்டாள். அவளை வாசலில் பக்கத்தில் இருத்தி, நாலு மூலைக் கல்லையும் நான் தூக்கி வைத்ததிலிருந்து தொடங்கினேன்.